ஒரு இஞ்ச் கன்னும் என் பைத்தியமும்

சிரிக்காதீங்க, வீல் நட் கழட்டுற மெஷினைப் பார்த்து எனக்குப் புல்லரித்துவிட்டது! நாமக்கல்லில் லாரிப் பட்டறை வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒரு இஞ்ச் ஏர் கன்னை என் கையில் கொடுத்த நிமிஷத்திலிருந்து நான் நானாக இல்லை.

நீங்களே நினைத்துப் பாருங்கள். மழையிலும் சேற்றிலும் ஊறித் திரும்பிய லாரி, பின்சக்கரத்தில் பத்து நட்டு, எல்லாமே துருவேறி ஸ்டட்டோடு ஸ்டட்டாக இறுகிக் கிடக்கின்றன. பாக்ஸ் ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, ஒருத்தர் பிடிக்க இன்னொருத்தர் ஏறி மிதித்தால்தான் அசையும். அண்ணன் நீட்டு மூக்கு வைத்த கன்னைத் தேர்ந்தெடுத்ததற்கும் காரணம் உண்டு: இரட்டைச் சக்கரத்தில் நட்டெல்லாம் குழிக்குள் உட்கார்ந்திருக்கும், குட்டை மூக்கு எட்டாது. ஒரு இஞ்ச் சதுர முனையில் கறுப்பான தடித்த இம்பாக்ட் சாக்கெட், பளபளக்கும் குரோம் சாக்கெட்டைப் போட்டால் அடி தாங்காமல் வெடித்துத் தெறிக்கும்.

"அழுத்துங்க தம்பி"ன்னார். அழுத்தினேன். டட்டட்டட்டட்! ஐயோ, அந்தச் சத்தம், அந்த எண்ணெய் வாசம் கலந்த காற்று முகத்தில் அடிக்க, உள்ளே சுத்தியல் சுற்றிச் சுற்றி அடிக்க, ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரம்தான் என்பதால் அவ்வளவு பெரிய முறுக்கு இருந்தும் மணிக்கட்டு திருகிக்கொள்ளாமல் நிற்க, துருத்தூள் பறக்க, நட்டு சட்டென்று இளகி சாக்கெட்டுக்குள்ளேயே சுழன்று வந்தது பாருங்கள், நான் குழந்தை மாதிரி கத்திவிட்டேன், பட்டறைப் பையன்கள் வேலையை விட்டுவிட்டு என்னைத்தான் பார்த்தார்கள், எனக்கென்ன வெட்கம், அடுத்த நட்டுக்குப் போய்விட்டேன்!

அப்புறம் அண்ணன் ஒரு வித்தை காட்டினார். அரை இஞ்ச் ஹோஸை மாட்டினார், அதே கன் சோம்பேறித்தனமாக டக்... டக்... என்றது. முக்கால் இஞ்ச் ஹோஸை மாட்டினார், மறுபடி புலி! கம்ப்ரசர் மீட்டர் 120 காட்டினால் போதாதாம், விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போது கன் வாசலில் 90 பிஎஸ்ஐ நிற்க வேண்டுமாம். கன்னுக்கு முன்னால் காற்றைப் பார் என்பதுதான் அவர் பாடம்: டேங்க் பெரிசா, கப்ளிங் துளை தாராளமா, தண்ணீர் வடிகட்டியும் எண்ணெய்ச் சொட்டும் இருக்கிறதா. பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கும் எண் பெரும்பாலும் கழட்டும் பக்கத்து உச்ச முறுக்குதான், அதை நம்பி மயங்காதீர்கள். காருக்கு அரை இஞ்ச் கன், சின்ன லாரிக்கு முக்கால், பத்துச் சக்கரத்துக்கு ஒரு இஞ்ச்தான், பேரமே இல்லை!

குறையா? பத்துக் கிலோவை ஒட்டிய கனம், காதைப் பொத்த வைக்கும் சத்தம், போங்க, அதெல்லாம் ஒரு குறையா, காதடைப்பான் போட்டால் ஆச்சு. மாட்டும்போது மட்டும் அண்ணன் கண்டிப்பு: கன்னால் ஒட்ட வைத்துவிட்டு, கடைசி முறுக்கு வண்டிக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சில்தான். கன்னிலேயே இறுக்கினால் ஸ்டட் இழுபட்டு ஒருநாள் ரோட்டில் முறியும். அந்த ரெஞ்ச் அளவு தொட்டதும் போடுகிற 'கிளிக்' இருக்கே, அதையும் ரசித்தேன் என்றால் என்னைப் பைத்தியம் என்பீர்கள்.

"அண்ணே, அந்தப் பக்கச் சக்கரமும் கழட்டணும்ல?" என்று ஆசையாகக் கேட்டேன். "அதுல ஒண்ணும் கோளாறு இல்லீங்க தம்பி"ன்னார். கோளாறு இல்லாவிட்டால் என்ன, சும்மா ஒருதடவை கழட்டி மாட்டக் கூடாதா?