பாண்டிய நாட்டுக் குதிரைகளும் குளம்பு நோயும்: மார்க்கோ போலோ, வஸ்ஸாஃப் குறிப்புகள் – ஒரு மறுவாசிப்பு

முன்னுரை

13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அரபு, பாரசீகத் துறைமுகங்களிலிருந்து பாண்டிய நாட்டிற்குக் குதிரைகள் பெருமளவில் வந்திறங்கின. அவை விரைவில் மடிந்தன அல்லது பயனற்றுப் போயின என்று மார்க்கோ போலோவும், பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃபும் எழுதியுள்ளனர். இவ்விரு குறிப்புகளும் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியின் 1939ஆம் ஆண்டுத் தொகுப்பில் அருகருகே இடம்பெற்றன. இவற்றை இணைத்துத் 'தமிழர் குதிரை வளர்ப்பறியார்' எனத் தீர்ப்பளிப்பது பொருந்துமா என்பதைக் குளம்பு நோய் பற்றிய கால்நடை மருத்துவ அறிவின் துணையுடன் இக்கட்டுரை ஆராய்கிறது.

சான்றுகள் கூறுவன

அரசன் ஆண்டுதோறும் 2000க்கு மேற்பட்ட குதிரைகளை வாங்கியும் ஆண்டிறுதியில் 100 கூட எஞ்சுவதில்லை என்கிறார் போலோ. சோறும் இறைச்சியும் உணவாகத் தரப்பட்டன. நல்ல இனப் பெட்டைக்கும் கால் கோணிய குட்டியே பிறந்தது என்பன அவர் தரும் பிற செய்திகள். வஸ்ஸாஃபோ வறுத்த வாற்கோதுமை, நெய் கலந்த தானியம், காய்ச்சிய பால் ஆகியவற்றைக் குறிப்பிடுகிறார். நாற்பது நாள் முளையில் கட்டிக் கொழுக்க வைத்து, பயிற்சியின்றிக் கடுமையாக ஓட்டியதால் குதிரைகள் தளர்ந்து மந்தமாயின என்கிறார். ஆக, போலோ கூறுவது இறப்பு. வஸ்ஸாஃப் கூறுவது தளர்ச்சி. இவ்வேறுபாடு போதிய கவனம் பெறவில்லை.

நோயறிதலின் வரம்பு

மாவுச்சத்து மிகுந்த தீனி, உடற்பருமன், அசைவின்மை ஆகியவை குளம்பின் உட்தகட்டு அழற்சியை நினைவூட்டுகின்றன. குளம்புச் சுவரையும் உள்ளெலும்பையும் பிணைக்கும் மென்தகடுகள் வலுவிழப்பதே இந்நோய். குளம்பில் வெப்பம், கணுக்கருகே வலுத்த நாடித்துடிப்பு, முன்கால்களை முன்னே நீட்டிப் பின்கால்களில் பாரம் தாங்கும் நிலை, குளம்பில் விரியும் வளையங்கள் ஆகியன இதன் அடையாளங்கள். ஒரே காலில் திடீரெனத் தோன்றும் கடும் நொண்டலாயின் உள்ளங்குளம்புச் சீழ்க்கட்டியை முதலில் ஐயுறுவர். இவ்வடையாளங்களுள் ஒன்றையேனும் இருவரும் பதிவு செய்யவில்லை. கால் கோணிய குட்டி உறுப்பமைவுக் குறையேயன்றி நொண்டல் நோய்க்குச் சான்றாகாது.

தீனி பற்றிய ஏளனமும் மறுபரிசீலனைக்குரியது. வெப்பத்தால் பதப்பட்ட தானியத்தின் மாவுச்சத்து சிறுகுடலிலேயே கூடுதலாகச் செரிக்கிறது. பச்சைத் தானியம் பெருங்குடலை எட்டிப் புளித்துக் கேடு விளைவிக்கும் வாய்ப்பு அதனால் குறைகிறது. எனினும் இரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் உயர்வதால், கொழுத்த குதிரைக்கு வேறு வழியில் இடர் உண்டு. எவ்வளவு தீனி தரப்பட்டது என்பது தெரியாத நிலையில், வறுத்தது என்ற ஒன்றை மட்டும் கொண்டு அறியாமை என முடிவு கட்ட இயலாது.

மேலும், உட்தகட்டு அழற்சி மட்டுமே ஓராண்டில் ஏறத்தாழ எல்லாக் குதிரைகளையும் கொல்லும் எனக் கொள்வது கடினம். போலோவின் எண்ணிக்கை மிகையில்லையெனில் தொற்றுநோயையும் கருத வேண்டும். 1880இல் கிரிஃபித் எவன்ஸ் இந்தியக் குதிரைகளில் கண்டறிந்த ஒட்டுண்ணியால் வரும் சர்ரா நோய், மெலிவு, கால் வீக்கம், இறப்பு ஆகியவற்றை விளைவிப்பது.

சான்றுரைப்போர் நிலை

வணிகர்கள் குதிரை மருத்துவர் பாண்டிய நாடு செல்வதைத் தடுத்தனர். குதிரைகள் இறந்தால் அவர்களுக்கே ஆதாயம் என்று போலோவே கூறுகிறார். அவர் கூற்றின்படி குறை அறிவைச் சார்ந்தது மட்டுமன்று, வணிகத்தையும் சார்ந்தது. வஸ்ஸாஃப் குதிரை ஏற்றுமதி செய்த பாரசீகப் பகுதியைச் சேர்ந்தவர். இருவர் பதிவிலும் விற்போர் தரப்பின் பார்வை கலந்துள்ளது. வாங்கியோர் தரப்பில், சோழர் காலக் கல்வெட்டுகள் சுட்டும் குதிரைச் செட்டிகளும், மாணிக்கவாசகர் குதிரை வாங்கச் சென்ற தொன்மமும் வணிகத்தின் முதன்மையைக் காட்டுகின்றன. பேணும் முறையை விளக்கவில்லை.

முடிவுரை

குளம்பு நோய் ஒரு தகுந்த கருதுகோள், நிறுவப்பட்ட முடிவன்று. வஸ்ஸாஃபின் தளர்ச்சிக்கு அது பொருந்தக்கூடும்; போலோவின் இறப்புக்குத் தனித்து நின்று விளக்கமாகாது. நாட்பட்ட அழற்சி குளம்பெலும்பின் முனையில் உருமாற்றத்தை விட்டுச்செல்லும். எனவே அகழாய்வில் கிடைக்கும் குதிரைக் காலெலும்புகளை இந்நோக்கில் ஆராய்வதே அடுத்த பணி. அதுவரை, பயணியின் வியப்பைப் பாடநூலின் தீர்ப்பாக்குவது ஆய்வு நெறியாகாது.