ரஹிமி தீர்ப்பில் அந்தப் பெண்

குடும்ப வன்முறைக்காகத் தடையாணைக்கு உள்ளானவன் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்பது அமெரிக்காவின் 1994ஆம் ஆண்டுச் சட்டம். மேல்முறையீட்டு நீதிமன்றம் 2023இல் அதைச் செல்லாது என்றது. உச்ச நீதிமன்றம் 2024 ஜூனில், எட்டுக்கு ஒன்று என்ற கணக்கில், காப்பாற்றியது. நானும் அதை வெற்றியென்றே எடுத்துக்கொண்டேன், தீர்ப்பை முழுதாகப் படிக்கும்வரை.

டெக்சஸில், 2019 டிசம்பரில், ரஹிமி தன் காதலியை இழுத்துவந்து காருக்குள் தள்ளினான். டாஷ்போர்டில் அவள் தலை மோதியது. தப்பி ஓடும்போது சுட்டான். வெளியே சொன்னால் உன்னையே சுடுவேன் என்று பிறகு போனில் மிரட்டினான். தீர்ப்பில் அவள் சி.எம். என்ற இரண்டு எழுத்துகள் மட்டும். (அவளுடைய பாதுகாப்புக்குத்தான், தெரியும்.)

அவளுக்கு என்ன ஆபத்து என்பதைவிட நீதிபதிகளுக்கு முக்கியமாகப் பட்டது, துப்பாக்கி உரிமை அரசியல் சாசனத்தில் ஏறிய 1791ஐ ஒட்டிய காலத்தில் இதுபோன்ற சட்டம் இருந்ததா என்பது. மணமானவளின் உடைமை கணவனுக்கே போன காலம் அது. பெரும்பான்மை நீதிபதிகள் தேடிப்பிடித்தவற்றுள் ஒன்று, அமைதியாக நடப்பேன் என்று பிணைமுறி கொடுக்கும் பழைய வழக்கம். மனைவியும் கணவன்மீது அதைக் கேட்கலாமாம்! அதில் துப்பாக்கி அவனிடமே இருக்குமே என்று மறுத்தவர் கிளாரன்ஸ் தாமஸ் ஒருவர்தான். வரலாற்றை அவரே சரியாகப் படித்திருக்கிறார் என்று ஒப்புக்கொள்ள எனக்குக் கசக்கிறது. மனைவியை அடிப்பவனின் ஆயுதத்தைப் பறிக்க வேண்டுமென்று அன்றைய சட்டத்துக்குத் தோன்றவில்லை. அந்தக் காலத்தையே அளவுகோலாக்கி 2022இல் புரூயன் தீர்ப்பை எழுதியவரும் அவரே. மற்ற எட்டுப் பேரும் அந்த அளவுகோலைக் கீழே வைக்கவில்லை.

அவனுக்கு நோட்டீஸ் கொடுத்து, விசாரணைக்கு வாய்ப்பளித்த பின் வரும் தடையாணைக்கே 1994ஆம் ஆண்டுச் சட்டம் பொருந்தும். அதற்கு முன்பு, அவள் வீட்டைவிட்டுக் கிளம்பும் அந்த வாரத்தில், அவனிடம் துப்பாக்கி இருக்கலாமா என்று ஒரு வழக்கு வந்தால் அதையும் 1791இல்தான் தேடுவார்கள்.