லாகினுக்குக் காத்திருக்கும் பேக்கப் டிஸ்க்

கார்த் தொழிற்சாலைகளுக்கு உதிரிபாகம் செய்து கொடுக்கும் தண்டலம் வட்டாரத்துப் பட்டறைகளில், செய்த பொருள் லாரி ஏறிப் போன பின்னரும் அதன் ஆவணங்கள் போவதில்லை. ஐஏடிஎஃப் 16949 தர நியதிப்படி, ஓர் உதிரிபாகத்துக்குரிய ஒப்புதல் ஆவணங்களை, அது உற்பத்தியிலும் சர்வீஸிலும் இருக்கும் காலம் முழுவதும், அதற்கு மேல் ஒரு காலண்டர் ஆண்டும் காப்பாற்றியாக வேண்டும். அத்தகைய பட்டறை ஒன்றின் லினக்ஸ் கம்ப்யூட்டரில், இரவுதோறும் பேக்கப் எடுக்கும் பொருட்டு, வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்றைச் சில வாரங்களாக உபயோகித்து வருகிறேன்.

அதன் வேகத்திலும் கொள்ளளவிலும் குறை சொல்ல ஒன்றுமில்லை. தனி அடாப்டர்கூடக் கேட்பதில்லை. என் சிந்தனையை முற்றும் ஆக்கிரமித்துக்கொண்ட விஷயம், அது தானாக மவுன்ட் ஆகும் முறை ஒன்றே.

லினக்ஸில் ஒருவர் லாகின் செய்து டெஸ்க்டாப் திறந்த பிறகுதான், அவர் பெயரிலுள்ள மீடியா ஃபோல்டரில் வெளி டிஸ்க் வந்து சேரும். பகலில் இது பெரும் சௌகரியம். இரவில் மின்சாரம் போய், ஜெனரேட்டர் ஏற்று, கம்ப்யூட்டர் தானே எழுந்து லாகின் திரையோடு நிற்கும்போதோ, டிஸ்க்கின் விளக்கு எரிகிறது. டிஸ்க் மவுன்ட் ஆவதில்லை. குறித்த நேரத்தில் ஓடும் பேக்கப் ஸ்கிரிப்ட், தனக்குரிய ஃபோல்டரைக் காணாமல், அதே பெயரில் ஒன்றை உள் டிஸ்க்கிலேயே உண்டாக்கி, பிரதிகளையெல்லாம் அதில் எழுதி, வேலை முடிந்ததாகப் பதிந்துவிடுகிறது. காலையில் ஒருவர் லாகின் செய்ததும், அந்தப் பெயர் முன்பே எடுக்கப்பட்டிருப்பதால், உண்மையான டிஸ்க் தன் பெயரின் இறுதியில் 1 என்ற எண்ணைச் சேர்த்துக்கொண்டு வேறிடத்தில் மவுன்ட் ஆகிறது. அதன்பின் ஒவ்வோர் இரவும் மூலமும் பிரதியும் ஒரே டிஸ்க்கில் வாசம் செய்கின்றன. ஒரு வரி எச்சரிக்கையும் தராத இந்தக் குறையை, கண்ணெதிரே நின்றுபோகும் எந்தப் பழுதைக் காட்டிலும் அபாயகரமானதாகக் கருதுகிறேன். பெட்டியோடு வந்த தாளோ, செருகினால் போதும் என்று உறுதி கூறுவதோடு நின்றுவிடுகிறது; பதிவுகளை நம்பித் தொழில் நடத்துபவருக்கு அது போதாது.

பரிகாரம், எந்த டிஸ்க் எங்கே மவுன்ட் ஆக வேண்டும் என்று குறித்துவைக்கும் எஃப்எஸ்டேப் கோப்பில் இருக்கிறது. எஸ்டிபி, எஸ்டிசி என்று சந்தர்ப்பத்துக்கேற்ப மாறும் பெயரை விட்டு, பிஎல்கேஐடி கட்டளை காட்டும் யூயூஐடி அடையாளத்தை அதில் எழுதி, மீடியாவுக்கு வெளியே நிலையான ஃபோல்டர் ஒன்றைக் குறித்துவிட்டால், லாகின் இல்லாமலே டிஸ்க் மவுன்ட் ஆகும். 'நோஃபெயில்' என்ற சொல்லையும் சேர்ப்பது அத்தியாவசியம். இல்லையேல், டிஸ்க்கை எவரேனும் கழற்றி வைத்த நாளில், கம்ப்யூட்டரை எழுப்பும் சிஸ்டம்டி வழக்கமாக 90 விநாடி காத்திருந்துவிட்டு எமர்ஜென்சி மோடில் போய் நின்றுவிடும். ஆனால் அச்சொல்லைச் சேர்த்தபின், டிஸ்க் இல்லாமலும் கம்ப்யூட்டர் எழுந்துவிடுமாகையால், பழைய ஆபத்து மறுபடி தலையெடுக்கும். ஆகவே ஸ்கிரிப்ட்டின் தொடக்கத்திலேயே 'மவுன்ட்பாயிண்ட்' கட்டளையால் சோதித்து, டிஸ்க் இல்லையெனில் எதையும் எழுதாமல் நிற்கச் செய்ய வேண்டும்.

இந்த ஏற்பாட்டுக்குப் பிறகு டிஸ்க்கைத் தயக்கமின்றிச் சிபாரிசு செய்வேன். வாங்குபவர்கள், எவரும் லாகின் செய்யாமல் கம்ப்யூட்டரை ஓர் இரவு விட்டுவைத்து, மறுநாள் டிஸ்க்கை முறைப்படி கழற்றி வேறொரு லினக்ஸ் கம்ப்யூட்டரில் செருகி, முந்தின நாளின் ஃபைல்கள் அதில் உள்ளனவா என்று அவசியம் பார்த்துக்கொள்ள வேண்டும்.