‘விளையாட்டுக்கான’ டிஎம்ஏ அட்டை: பெயரும் பொருளும்

நேரடி நினைவக அணுக்கம், சுருக்கமாக டிஎம்ஏ, என்பது மையச் செயலகத்தை ஒவ்வொரு பைட்டுக்கும் ஈடுபடுத்தாமல் ஒரு வன்பொருள் தானே முதன்மை நினைவகத்தைப் படிக்கவும் எழுதவும் வழிசெய்யும் முறையாகும். வரைகலை அட்டை, பிணைய அட்டை, என்விஎம்இ சேமிப்பகம் ஆகியவை இம்முறையையே பயன்படுத்துகின்றன. ஆகவே எந்த விளையாட்டுக் கணினியிலும் டிஎம்ஏ முன்பே இருக்கிறது.

அப்படியானால் ‘விளையாட்டுக்கான டிஎம்ஏ அட்டை’ என்று விற்கப்படுவது எது? அது பிசிஐஇ செருகுவாயில் பொருத்தப்படும் ஓர் எஃப்பிஜிஏ அட்டை. விளையாடும் கணினியின் நினைவகத்தைப் படித்து, யுஎஸ்பி கம்பி வழியே இரண்டாவது கணினிக்கு அனுப்புகிறது. சுவருக்குப் பின்னால் எதிராளி நிற்கும் இடம் அங்கே தெரிந்துவிடும். விளையாட்டின் வேகமோ படத்தின் தெளிவோ இம்மியும் கூடாது. தேர்வறையில் பக்கத்து மாணவரின் தாளைப் பார்ப்பதற்கும் இதற்கும் வேறுபாடு இல்லை. பெயரை மட்டும் பார்த்து வாங்கும் மாணவர் முதலில் ஏமாறுவது இங்கேதான்.

கருவியின் பிறப்பு வேறு நோக்கத்தில் நிகழ்ந்தது. உல்ஃப் ஃபிரிஸ்க் தமது பிசிஐலீச் மென்பொருளை 2016ஆம் ஆண்டு டெஃப்கான் மாநாட்டில் பாதுகாப்பு ஆய்வாக முன்வைத்தார். லீச் என்றால் தமிழில் இரத்தம் உறிஞ்சும் அட்டை, வன்பொருளும் அட்டை. சிலேடை தானாகவே அமைந்துவிட்டது.

தேர்வு பற்றிய பேச்சு பெரும்பாலும் ஆர்ட்டிக்ஸ்-7 சில்லின் 35டி, 75டி, 100டி என்னும் எண்களைச் சுற்றியே நடக்கிறது. அவை ஏரண அலகுகளின் அளவைக் குறிப்பவை: 35டி சில்லில் 33,280, 100டி சில்லில் 1,01,440. வேகத்தைக் குறிப்பவை அல்ல. பரவலாக விற்கும் அட்டைகளில் யுஎஸ்பி இணைப்புச் சில்லே வேகத்தை நொடிக்கு 200 மெகாபைட் அளவில் கட்டிப்போடுகிறது. பெரிய எண்ணுக்குக் கொடுக்கும் கூடுதல் விலை இந்தத் தடையை நீக்காது.

‘கண்டுபிடிக்கவே முடியாது’ என்ற விளம்பரம் இதைவிடப் பலவீனமானது. ஐஓஎம்எம்யூ என்னும் பகுதி, எந்த வன்பொருள் நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம் என்று வரையறுக்கிறது. இன்டெல் இதை விடி-டி என்றும், ஏஎம்டி ஏஎம்டி-விஐ என்றும் அழைக்கின்றன. சில தாய்ப்பலகைகளில் இப்பாதுகாப்பு இயங்குவதாகக் காட்டினாலும், கணினி தொடங்கும் முதல் நொடிகளில் இயங்கவில்லை என்று 2025 டிசம்பரில் ரயட் கேம்ஸ் வெளிப்படுத்தியது. ஏசூஸ், ஜிகாபைட், எம்எஸ்ஐ, ஏஎஸ்ராக் நிறுவனங்கள் திருத்தங்களை வெளியிட்டன. விற்பவர் நம்பியிருந்த ஓட்டை அடைபட்டால் கணக்கும் போகும், பணமும் போகும். விற்பவர் திருப்பித் தரமாட்டார்.

பிசிஐஇ நெறிமுறையைச் சொந்தக் கணினிகளில் கற்க விரும்பும் மாணவருக்கு 35டி அட்டையே போதும். நன்றாக விளையாட மட்டும் விரும்புபவர் அந்தப் பணத்தை நினைவகத்துக்கோ வரைகலை அட்டைக்கோ செலவிடலாம். தாய்ப்பலகையின் யுஇஎஃப்ஐ மென்பொருளைப் புதுப்பித்து ஐஓஎம்எம்யூவை இயக்கிவைப்பதற்குச் செலவே இல்லை.