சீர்காழியின் ‘டா’: ஒரு குரலின் பதிவுகளைக் கேட்டு மதிப்பிடுதல்



சீர்காழி கோவிந்தராஜனைப் பற்றி நம் மாணவர்களிடம் கேட்டால், “தைப்பூசத்துல பெரிய ஸ்பீக்கர்ல வருமே டீச்சர், அந்தக் குரல்தானே?” என்பார்கள். அதில் தப்பில்லை. தண்ணீர்மலைக்குப் போகும் வழியில் அந்தக் குரலைக் கேட்காமல் வளர்ந்த பினாங்குத் தமிழ்ப் பிள்ளைகள் குறைவு. இன்னும் கொஞ்சம் எழுதச் சொன்னால் “கம்பீரமான குரல்” என்று எழுதுவார்கள். அத்தோடு கட்டுரை நின்றுவிடும்.

“கம்பீரம்” என்பது பாராட்டு. அது திறனாய்வு ஆகாது. எதனால் கம்பீரம், எந்தச் சொல்லில், எங்கே அது பொருந்தவில்லை என்று காட்டினால்தான் திறனாய்வு. அவருடைய பதிவுகளை வைத்து அதைச் செய்து பார்ப்போம், வாங்க.

அவர் வந்த வழி

1933 ஜனவரி 19-இல் சீர்காழியில் பிறந்தவர். திருஞானசம்பந்தர் பிறந்த ஊர் அது. தமிழிசை மூவரில் முத்துத்தாண்டவருக்கும் அருணாசலக் கவிராயருக்கும் உரிய ஊரும் அதுதான். சிறு வயதில் நாடக மேடை. பிறகு சென்னைத் தமிழ் இசைக் கல்லூரியில் படிப்பு, ‘இசைமணி’ பட்டம். புல்லாங்குழல் மேதை திருப்பாம்புரம் சுவாமிநாத பிள்ளை அவருடைய குரு. 1954-இல் ‘பொன்வயல்’ படத்தில் பாடித் திரையுலகுக்கு வந்தார். 1988 மார்ச் 24-இல் மறைந்தபோது வயது 55.

இந்த வரலாற்றில் இரண்டு செய்திகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் சொல் போய்ச் சேர வேண்டும் என்பது நாடக மேடையின் சட்டம். பாட்டின் பொருள் கேட்பவனுக்குப் புரிய வேண்டும் என்பது தமிழிசை இயக்கத்தின் கோரிக்கை. இரண்டும் சேர்ந்து ஒரு பாடகருக்குச் சொல்லை முழுசாகக் கொடுக்கும் பழக்கத்தைத் தந்திருக்கின்றன. அவர் பாட்டைக் கேட்டே சொல்வதெழுதுதல் நடத்தலாம்.

ஒரு விகுதி, நான்கு உணர்வுகள்

இலக்கணத்தில் ஆடூஉ முன்னிலை, மகடூஉ முன்னிலை என்று படிக்கிறோம். ஆணை விளிக்கும் ‘அடா’, பெண்ணை விளிக்கும் ‘அடி’. பேச்சில் ‘டா’, ‘டி’ என்றால் நெருக்கம், இல்லாவிட்டால் மரியாதைக் குறைவு. பாட்டில் அது என்னவெல்லாம் ஆகலாம் என்பதைச் சீர்காழியின் நான்கு பதிவுகளை வைத்தே காட்டிவிடலாம்.

முதலாவது, ‘எங்கள் வீட்டு மகாலட்சுமி’ (1957) படத்தில் பாடிய ‘பட்டணந்தான் போகலாமடி’. பட்டணத்துக்குப் போய்ச் சம்பாதிக்கலாம் என்று ஆசைப்படும் கணவன், வேண்டாம் என்று மறுக்கும் மனைவி. இங்கே ‘அடி’யில் கொஞ்சலும் அவசரமும் இருக்கின்றன. கம்பீரத்தை வாசலிலேயே விட்டுவிட்டுத்தான் பாடுகிறார்.

இரண்டாவது, ‘நீர்க்குமிழி’ (1965). கே. பாலசந்தர் இயக்கிய முதல் படம். வி. குமார் இசையில் கவிஞர் சுரதா எழுதிய ‘ஆடி அடங்கும் வாழ்க்கையடா’. பாடுபொருள் நிலையாமை. திருக்குறளில் அதற்கு ஓர் அதிகாரமே உண்டு. யாக்கையின் நிலையாமைக்கு மழைநீர்க் குமிழியை உவமை சொல்கிறது நாலடியார். அந்த நீண்ட மரபின் தொடர்ச்சி இந்தப் பாட்டு. இங்கே ‘டா’ யாரையும் அதட்டவில்லை. சித்தர்கள் தம் நெஞ்சுக்கே சொல்லிக்கொள்ளும் தொனி அது. ‘ஆடி’யின் நெடிலையும் ‘அடங்கும்’ என்பதன் குறிலையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். வாழ்க்கை நீண்டு பிறகு சுருங்குவது அந்த இரண்டு எழுத்திலேயே இருக்கிறது. அதை எழுதியவர் கவிஞர், கெடுக்காமல் கொடுத்தவர் பாடகர். ‘வாழ்க்கை’யில் வரும் ழகரத்தை நம் வகுப்பில் எத்தனை பேர் அப்படிச் சொல்கிறோம்?

மூன்றாவது, ‘கர்ணன்’ (1964). விசுவநாதன் – ராமமூர்த்தி இசை, கண்ணதாசன் வரிகள். கண்ணனுக்கான குரல் சீர்காழியுடையது. போர் தொடங்கும் முன் அர்ச்சுனனுக்கு உபதேசம் செய்யும்போது சொற்கள் விருத்தம்போல் ஒவ்வொன்றாக நிமிர்ந்து நிற்கின்றன. கர்ணன் வீழ்ந்து கிடக்கும் இடத்தில் வரும் ‘உள்ளத்தில் நல்ல உள்ளம்’ பாட்டிலோ கண்ணன் தன்னையே குற்றவாளி என்கிறான். அங்கும் ‘டா’ வருகிறது, இந்த முறை தன்மேலேயே. அழுகைக் குரலில் பாடியிருந்தால் மலிவாகப் போயிருக்கும். சீர்காழி அழவே இல்லை. குரலை நிமிர்த்தியே வைத்திருக்கிறார். அதனால்தான் கேட்கிறவன் அழுகிறான்.

நான்காவது, ‘எதிர்நீச்சல்’ (1968) படத்தின் ‘வெற்றி வேண்டுமா’. இங்கே ‘டா’ முதுகில் தட்டிக்கொடுக்கும் அண்ணனின் கை. தேர்வுக்கு முந்திய நாள் கேட்கலாம்!

ஒரே குரல்தான், ஒரே விகுதிதான். கொஞ்சல், ஞானம், குற்றவுணர்வு, ஊக்கம் என்று நான்கும் வேறுவேறு. இப்படிப்பட்ட பாடகரைச் “சத்தமாகப் பாடுபவர்” என்று ஒரே வரியில் முடித்துவிட முடியுமா?

குறைகளும் உண்டு

நல்லதை மட்டும் எழுதினால் அது திறனாய்வு அல்ல, வாழ்த்துமடல். அவருடைய பலமே சில இடங்களில் எல்லையாகிவிடுகிறது. எல்லாச் சொல்லுக்கும் முழு வெளிச்சம் கொடுப்பவரிடம் நிழல் குறைவு. காதோடு ரகசியம் பேசுகிற குரல் அவருக்கு வாய்க்கவில்லை. ஏ. எம். ராஜாவும் பி. பி. ஸ்ரீனிவாஸும் தாழ்ந்த குரலில் தொடும் இடங்களை அவர் தொட்டது அரிது. ‘தை பிறந்தால் வழி பிறக்கும்’ (1958) படத்தில் சுரதா எழுதிய ‘அமுதும் தேனும் எதற்கு’ அந்த அரிதான இடங்களில் ஒன்று. காதலைப் பாடிய அதே சுரதா பின்னாளில் சாவைப் பாடினார். இரண்டுக்கும் ஒரே குரல் வாய்த்தது. இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டால் அந்தக் குரலின் வீச்சு புரியும்.

பக்திப் பாடல்களில் வேறொரு குறை. உச்சத்தில் ஒரு நீண்ட அழைப்பு, பிறகு தாளம், பிறகு கோரஸ் என்ற அமைப்பு பல பாட்டுகளில் திரும்பத் திரும்ப வருகிறது. தெய்வத்தின் பெயர் மாறினாலும் பாட்டின் நடை மாறுவதில்லை. அதைக் கோயில் ஒலிபெருக்கியில் உச்சத்தில் வைத்தால், மெய்யெழுத்தைத் துல்லியமாகச் சொல்லும் அந்த நுட்பம்தான் முதலில் காணாமல் போகிறது. சத்தம் மட்டும் மிஞ்சுகிறது. பிள்ளைகள் அவரைச் சத்தமாகவே நினைவில் வைத்திருப்பதற்கு அவர் மட்டுமா காரணம்? கேட்க வைக்கும் முறைக்கும் பங்கு உண்டு.

பக்திப் பதிவுகளில் அபிராமி அந்தாதியைத் தனியே எடுத்து வைக்கலாம். ஒரு பாட்டின் முடிவு அடுத்த பாட்டின் தொடக்கமாவது அந்தாதி. முடிகிற சொல்லைச் சீர்காழி விழுங்குவதில்லை. அதனால் அந்தாதித் தொடையைக் காதாலேயே பிடிக்க முடிகிறது. யாப்பு நடத்தும் ஆசிரியர்களுக்கு இதைவிட நல்ல துணைக்கருவி கிடைப்பது கடினம்.

வகுப்பில் செய்து பார்க்க

1. ‘ஆடி அடங்கும்’ பாட்டை வரிகள் காட்டாமல் ஒலிக்க விடுங்கள். மாணவர்கள் கேட்டதை எழுதட்டும். ல, ழ, ள பிழைகளை அவர்களே திருத்தட்டும்.

2. மேலே சொன்ன நான்கு பாட்டுகளில் இரண்டை எடுத்து, ‘டா’ அல்லது ‘டி’ என்ன உணர்வைத் தருகிறது என்று ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். “கம்பீரம்”, “இனிமை” இரண்டு சொல்லுக்கும் தடை!

3. பிடிக்காத ஓர் இடத்தையும் காரணத்தோடு சொல்லச் சொல்லுங்கள். “எனக்குப் பிடிக்கல” என்பது கருத்து. “இந்தச் சொல்லில் இப்படி ஆனதால் பிடிக்கல” என்பது திறனாய்வு.

மாணவர்களே, தேர்வில் கவிதையைத் திறனாயும்போதும் இதே வழிதான். பெரிய அடைமொழியைத் தேடி அலையாதீர்கள். ஒரு சின்ன விகுதியைப் பிடித்துக்கொண்டு, அது என்ன வேலை செய்கிறது என்று கேளுங்கள். ஒலிபெருக்கியில் கேட்டது போதும். இன்றிரவு ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு, சத்தத்தைக் குறைத்து வைத்து, சீர்காழியை ஒருமுறை கேட்டுப் பாருங்கள்.