பிரிவும் பிள்ளையின் குரலும்

தம்பானூரில் இரயில் நிலையமும் பேருந்து நிலையமும் எதிரெதிரே அமைந்துள்ளன. பிழைப்பை நாடி நெல்லையிலிருந்தும் மதுரையிலிருந்தும் வந்த நம்மவர் பலர் முதன்முதல் காலூன்றிய இடம் இதுவே. அவற்றிற்கு அண்மையில் கைரளி, ஸ்ரீ, நிளா என்னும் அரங்குகள் உள்ளன. கேரள சர்வதேசத் திரைப்பட விழாவின் படங்கள் இவ்வரங்குகளில் திரையிடப்பெறுகின்றன. ஊரைப் பிரிந்து வந்தோர் இறங்கும் வாயிலும், பிரிவைச் சித்திரிக்கும் திரையும் இவ்வாறு அருகருகே இருப்பது நம் சிந்தனையைத் தூண்டுகின்றது.

பொருள்வயிற் பிரிவு நம் அக இலக்கியத்துக்குப் புதிதன்று. பாலைத்திணையின் உரிப்பொருளே பிரிதல் ஆகும். ஆயின், அப்பிரிவைப் பற்றிப் பேசுவோர் யாவர்? தலைவனும் தலைவியும், தோழியும், நற்றாயும் செவிலியும் பேசுகின்றனர். புதல்வனும் சில பாடல்களில் இடம்பெறுகின்றான். எனினும் அவன் வாய் திறப்பதில்லை. பெற்றோர் பிரிந்த வீட்டில் பிள்ளை என்ன எண்ணினான் என்பதை அகமரபு கேளாது விட்டது. இக்குறையைச் சிறுமுதலில் உருவான திரைப்படங்கள் சில நிறைவு செய்கின்றன எனலாம்.

கடல்கடந்த குடும்பத்தைக் காட்டுவதில் முன்னோடியாக அமைந்தது 'பிரஷர்'. ட்ரினிடாடில் பிறந்த ஹொரேஸ் ஓவே 1976இல் அளித்த இப்படம், பிரிட்டனில் கறுப்பின இயக்குநர் ஒருவர் எடுத்த முதல் முழுநீளக் கதைப்படம். அதில் பெற்றோரும் மூத்த மகனும் ட்ரினிடாடிலிருந்து இலண்டனுக்கு வந்தவர்கள். இளையவன் டோனி அந்நகரிலேயே பிறந்தவன். அடங்கி நடந்தால் புகுந்த நாடு தன் மகனை ஏற்கும் எனத் தாய் நம்புகின்றாள். படித்தும் வேலை கிட்டாத மகனுக்கோ அந்நம்பிக்கை பொய்யாகின்றது. ஒரு கூரையின்கீழ் வாழ்ந்தும் அவர்கள் அயலாராகின்றனர்.

கடல்கடவாத நம் தமிழ் மண்ணில் இப்பிரிவைக் காட்டிய படம் பி. எஸ். வினோத்ராஜின் 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் விழாவில் புலி விருதையும், 2022இல் கேரள விழாவில் பரிசையும் பெற்றது. குடிகாரத் தந்தை, கோபித்துத் தாய்வீடு சென்ற மனைவியை அழைத்துவரப் புறப்படுகின்றான். பள்ளியிலிருந்த மகனையும் உடன் இழுத்துச் செல்கின்றான். திரும்பும் வழியில், பேருந்துக்கான பணத்தை மகன் கிழித்தெறிய, இருவரும் வெயிலில் நடந்தே ஊர் சேர்கின்றனர். சிறுவன் அதிகம் பேசுவதில்லை. தாகம் தணிய வாயில் ஒரு கூழாங்கல்லை அடக்கிக்கொள்கின்றான். வீடு சேர்ந்ததும் அதனை, முன்பே குவிந்து கிடக்கும் கற்களோடு வைக்கின்றான். இத்தகைய நடை இது முதன்முறையன்று என்பதை அக்குவியல் உணர்த்திவிடுகின்றது. தந்தையைப் பழித்துரைக்கும் சொல் ஒன்றும் அங்குத் தேவைப்படவில்லை.

அதே 2022இன் இறுதியில் நடந்த விழாவில் பார்வையாளர் வாக்கால் சிறந்த படமாகத் தேர்வுற்றது, லிஜோ ஜோஸ் பெல்லிசேரியின் 'நண்பகல் நேரத்து மயக்கம்'. வேளாங்கண்ணி சென்று திரும்பும் ஜேம்ஸ் என்னும் மலையாளி, வழியில் ஒரு தமிழ்ச் சிற்றூரில் நுழைகின்றான். அங்குக் காணாமற்போன சுந்தரமாகவே மாறித் தமிழ் பேசுகின்றான். கண்ணிழந்த தாய் அவனை மகனாக ஏற்கின்றாள். அவனுடன் வந்த சொந்த மகனோ, தந்தையின் வாயில் வேற்றுமொழி கேட்டுத் திகைத்து நிற்கின்றான். இக்காட்சி நம் உள்ளத்தைத் தைக்கின்றது. எனினும், சுந்தரத்தின் மனைவி காத்திருந்த காலத்துக்கும் அவளது சினத்துக்கும் படம் போதிய இடம் தரவில்லை. அவள் மௌனம் அழகாகப் படம்பிடிக்கப்பட்டதே அன்றி, பொருள் விரித்துக் காட்டப்படவில்லை. இவ்வகையில் 'கூழாங்கல்' ஒருபடி உயர்ந்து நிற்கின்றது.

இந்நகரில் நம் பிள்ளைகள் பலர் மலையாளத்தில் எண்ணி, தமிழில் விடை சொல்கின்றனர். நாமும் பிறந்த ஊரில் விட்டுவந்த உறவுகளையும் சச்சரவுகளையும் அவர்களிடம் கூறியதில்லை. சோறும் படிப்பும் தந்துவிட்டோம் என்று அமைதி கொள்கின்றோம். ஆனால் அவர்கள் எந்தக் கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கின்றனர் என்பதை நாம் அறிவோமா? இப்படங்களைப் பிள்ளைகளுடன் அமர்ந்து காணுங்கள். வீடு திரும்பும் வழியில், முதலில் அவர்களைப் பேசவிடுங்கள்.