இரட்சணிய யாத்திரிகத்தில் தெய்வ இரக்கம்: ஒரு சமூகவியல் நோக்கு

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் (1827–1900) இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் நூலுருப் பெற்றது. ஆசிரியரைக் ‘கிறித்தவக் கம்பர்’ எனப் போற்றுவதோடு நமது இலக்கிய வரலாற்றாசிரியர் பெரும்பாலும் அமைந்துவிடுகின்றனர். முற்போக்கு விமர்சகரோ சமயநூல் என்று அதனைத் தொடுவதே அரிது. இவ்விரு நிலைகளும் நூலின் மையப்பொருளாகிய தெய்வ இரக்கத்தை ஆராயத் தடையாயுள்ளன. மதத்தை அபினியென்ற மார்க்ஸ், அதே பந்தியில் அதனை மெய்யான துயரின் வெளிப்பாடாகவும் அத்துயருக்கெதிரான முறையீடாகவும் கண்டார் என்பதை நம்மவர் பலர் வசதியாக மறந்துவிடுவதுண்டு.

இந்நூலுக்கு மூலம் ஜோன் பனியனின் ஆங்கில உரைநடை நூலாகும் (1678). பனியன் பாத்திரங்களுக்கு ஓட்டையடைத்துப் பிழைத்தவர். அனுமதியின்றிப் பிரசங்கித்தமைக்காக 1660 முதல் 1672 வரை பெட்போட் சிறையிற் கிடந்தவர். அவரது யாத்திரிகன் கந்தையுடுத்து, முதுகிலே சுமையோடு தோன்றுகின்றான். சிலுவையடியில் அச்சுமை தானே அவிழ்ந்து விழுகின்றது. அப்பொலியனோடு பொருது பெற்ற காயங்களை வாழ்வின் விருட்சத்து இலைகள் ஆற்றுகின்றன. உழைத்துக் களைத்த உடலின் மொழியிலேயே இங்கு கருணை பேசப்படுகின்றது. பிரபுக்களோ காலத்துக்கேற்ப நிறம் மாறுவோராகவும் கொடிய நீதிபதியாகவும் வருகின்றனர். ஈ.பி. தொம்சன், ஆங்கிலத் தொழிலாளர் இயக்கத்தின் அடிப்படை நூல்கள் இரண்டினுள் ஒன்றாக இதனைக் கருதியமை (1963) வியப்பன்று.

திருநெல்வேலியில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்து, கம்பனிலே தோய்ந்து, 1858 இல் ஞானஸ்நானம் பெற்ற பிள்ளையவர்கள் இதனை 3,700 இற்கு மேற்பட்ட செய்யுள்கள் கொண்ட காப்பியமாக்கினார். இதனை வெறும் மொழிமாற்றமென்று கொள்ளவியலாது. வர்க்க மாற்றமும் நிகழ்ந்துள்ளது எனலாம். பனியனிடத்தும் கடவுள் அரசனே. ஆயின் அவ்வரசன் மண்ணுலகப் பிரபுக்களுக்கு மாற்றாக நிற்பவன். பிள்ளையவர்களின் அரசன் மீதோ அயோத்தியின் சாயல் படிந்துவிடுகின்றது. இரக்கம், முடியுடையோன் குடிகளுக்கு அளிக்கும் கொடையாகின்றது. அக்காலத் திருநெல்வேலிக் கிறித்தவருட் பெருந்தொகையினர் பனைத்தொழிலை நம்பிய ஏழைகள். 1876–78 பஞ்சத்தையொட்டி ஆயிரக்கணக்கானோர் திருச்சபையை நாடினர். அவர்களுட் பெரும்பாலோர் பண்டிதர் துணையின்றி இக்காப்பியத்தின் ஒரு படலத்தையேனும் கடந்திருக்க முடியுமா?

எனினும் இந்நூலை இவ்வளவில் ஒதுக்கிவிடுதல் தவறாகும். பனியன் விரித்துரைக்காத கிறிஸ்துவின் பாடுகளைப் பிள்ளையவர்கள் விரிவாகப் பாடுகின்றார். அங்கே அரசன் குற்றவாளியாக நிறுத்தப்படுகின்றான், எள்ளப்படுகின்றான், தன்னை வதைப்போருக்காகவே மன்றாடுகின்றான். இறைவனை எண்ணி அடியார் உருகுதல் பக்தி மரபு. இங்கு மரணதண்டனை பெற்றவன் கொலைஞருக்காக உருகுகின்றான். மேலிருந்து வழங்கப்படுவதாயிருந்த கருணை, அதிகாரத்தால் நசுக்கப்பட்டவனிடத்திலிருந்து பிறக்கின்றது. கம்பனிடம் கடன்பெற்ற சொற்களும் இவ்விடத்திற் புதுப்பொருள் ஏற்கின்றன. பல்சாக்கின் அரசியற் சார்பை அவரது கலை மீறியது குறித்து எங்கெல்ஸ் 1888 இல் எழுதியது இங்கு ஒப்புநோக்கத்தக்கது.

இம்மீறல் நூல் முழுவதும் தொடரவில்லை. யாத்திரிகன் நகர்வாயிலை அடையும்போது அரசவையும் மணிமுடியும் மீண்டும் வந்துவிடுகின்றன.